நரம்புறை கரையும் நோய்: இலண்டனிலிருந்து சில குறிப்புகள்

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ மருத்துவம் படித்துவிட்டு இலண்டன் வந்த பழைய தலைமுறை மருத்துவர்களிடம் மல்ட்டிபிள் ஸ்கிளீரோசிஸ் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். 'அது வெள்ளைக்காரர் வியாதி. பாடப்புத்தகத்தில் படித்தோம். ஊரில் ஒன்றிரண்டு பேரைப் பார்த்திருந்தால் அதிகம்.' அவர்கள் படித்த காலத்துக்கும் ஊருக்கும் அந்தப் பதில் சரியானதே. இலண்டனில் பிறந்து வளரும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கும் அது சரிதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அதற்கு விடை தேட இலண்டனைவிடப் பொருத்தமான ஊர் குறைவு. இந்த நோயின் வரலாற்றில் பாதி இந்த ஊர் மருத்துவமனைகளில்தான் நடந்திருக்கிறது.

முதலில் பெயர். சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள். தமிழில் 'தண்டுவட மரப்பு நோய்' என்று எழுதுவோர் உண்டு. மூளையும் கண் நரம்பும் தண்டுவடமும் சேர்ந்தே பாதிக்கப்படும் நோய்க்கு அந்தப் பெயர் முழுதாகப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. மூலச்சொல்லுக்குப் 'பல இடங்களில் இறுகிப்போதல்' என்று பொருள். தச்சனின் உள்ளங்கை காய்த்துப்போவதைப் போல மூளையிலும் தண்டுவடத்திலும் அங்கங்கே தழும்பு காய்த்துவிடுகிறது. பிரிட்டனில் இன்று ஏறத்தாழ 1,50,000 பேர் இந்நோயோடு வாழ்கிறார்கள். பெண்கள் ஆண்களைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு. பெரும்பாலோருக்கு 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் முதல் அறிகுறி தோன்றுகிறது. அதாவது படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, கல்யாணப் பேச்சு தொடங்கும் வயதில்.

ஓர் அரச பேரனின் நாட்குறிப்பு

இந்நோய்க்குப் பெயரே இல்லாத காலத்தில் அதன் போக்கை நாள்வாரியாக எழுதிவைத்த ஒருவர் இருந்தார். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பேரன் அகஸ்டஸ் டெஸ்டே. 1794-இல் பிறந்தவர். மன்னரின் அனுமதியின்றி நடந்ததால் பெற்றோரின் திருமணம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. எனவே அரச குடும்பத்தில் பிறந்தும் அரச உரிமை இல்லாதவர்.

1822 டிசம்பரில், தந்தையைப் போல் நேசித்த உறவினர் ஒருவரைப் பார்க்க ஸ்காட்லாந்து மலைநாட்டுக்குப் போனார். போய்ச் சேர்ந்தபோது அவர் இறந்திருந்தார். ஈமச்சடங்கு முடிந்த சில நாட்களில் டெஸ்டேயின் கண் மங்கியது. வந்த கடிதங்களைப் பிறர் படித்துக்காட்ட வேண்டியதாயிற்று. பிறகு மருந்து ஏதுமின்றிப் பார்வை தானாகத் திரும்பியது. அழாமல் அடக்கிய துக்கம் கண்ணைத் தாக்கிவிட்டது என்று யாரும் எண்ணியிருப்பார்கள். சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் மங்கியது. 1827-இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பித்தம்தான் காரணம் என்று அட்டை கடிக்கவிட்டார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள், கையிலிருந்து இரத்தம் எடுத்தார்கள். பார்வை சீராயிற்று, ஆனால் கால்கள் வலுவிழந்தன. இன்னொரு மருத்துவர் தினம் இருவேளை மாட்டிறைச்சி வறுவலும் ஒயினும் சாப்பிடச் சொன்னார். கால் தேறியது! மரத்துப்போதல், சிறுநீர்த் தொல்லை, கால் இழுப்பு என்று ஒவ்வொன்றாக வந்தன, போயின. சில காலம் கழித்து, வந்தவை போகாமல் தங்கின. தந்தையின் பட்டத்துக்கு அவர் உரிமை கோரிய வழக்கை 1844-இல் பிரபுக்கள் சபை தள்ளுபடி செய்தபோது அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். 1848-இல் இறந்தார்.

நூறு ஆண்டுகள் கழித்து, 1948-இல், டக்ளஸ் ஃபர்த் என்பவர் இந்த நாட்குறிப்பை நூலாக வெளியிட்டார். இன்றைய நரம்பியல் மாணவன் அதைப் படித்தால் இரண்டாம் பக்கத்திலேயே நோயைச் சொல்லிவிடுவான். மாட்டிறைச்சி வறுவல் பலன் தந்த கதையை நான் இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. தானாக வந்து தானாகத் தணியும் நோயில், தணியும் சமயத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் அதுவே மருந்தாகத் தெரியும். இன்றும் எம்.எஸ். நோயாளிகளின் வீட்டுக்கு மூலிகைப் பொடியும் அதிசய உணவுமுறையும் வந்து சேர்வது இந்த வழியில்தான்.

டெஸ்டே உயிரோடிருந்தபோதே, 1838-இல், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ராபர்ட் கார்ஸ்வெல் தம் நோய்க்கூற்றியல் படத்தொகுதியில் தண்டுவடத்தின் மேல் பழுப்புநிறத் திட்டுகளை வரைந்திருந்தார். அவை என்ன நோய் என்று அவருக்குத் தெரியாது. நோயாளியை அவர் உயிரோடு பார்த்ததில்லை. திட்டையும் அறிகுறியையும் இணைத்து ஒரு தனி நோயாக நிறுவியவர் பாரிஸின் ழான் மார்ட்டின் ஷார்கோ, ஆண்டு 1868.

உறையும் இழையும்

மூளையிலிருந்து ஒரு கட்டளை பாதத்துக்குப் போகவேண்டும். அது செல்லும் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புச் சவ்வு பல சுற்றுகளாகச் சுருட்டப்பட்டிருக்கிறது. மின்கம்பியின் ரப்பர் உறை என்று வழக்கமாகச் சொல்வார்கள். அந்த உவமை பாதிதான் சரி. மயலின் உறை தொடர்ச்சியானதல்ல, சிறு இடைவெளிகள் விட்டு விட்டு வருவது. மின்துடிப்பு ஓர் இடைவெளியிலிருந்து அடுத்த இடைவெளிக்குத் தாவுகிறது. தாவுவதால் வேகம். உறையில்லாத மெல்லிய இழையில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊர்ந்து செல்லும் துடிப்பு, தடித்த உறையுள்ள இழையில் நொடிக்கு நூறு மீட்டர் வரை செல்லும்.

எம்.எஸ். நோயில் இந்த உறையை உடலின் எதிர்ப்புப் படையே தாக்குகிறது. கிருமிகளைத் தேடித் திரியவேண்டிய டி-செல், பி-செல் என்னும் வெள்ளணுக்கள், இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பைக் கடந்து உள்ளே நுழைந்து, நுண்ணிய சிரைகளைச் சுற்றிக் கூடி அழற்சியை மூட்டுகின்றன. உறை கரைகிறது, துடிப்பு தடுமாறுகிறது. சில வாரங்களில் அழற்சி அடங்குகிறது, வீக்கம் வடிகிறது, இழை தன்னைச் சற்றுச் சீரமைத்துக்கொள்கிறது, சில இடங்களில் மெல்லிய புது உறையும் போர்த்தப்படுகிறது. நோயாளி 'சரியாகிவிட்டது' என்கிறார். ஆனால் ஒவ்வொரு தாக்குதலிலும் சில இழைகள் அறுந்துபோகின்றன. அறுந்த இழை மூளையிலும் தண்டுவடத்திலும் மீண்டும் வளர்வதில்லை. கையிருப்பு இருக்கும்வரை மூளை வேறு வழிகளில் சமாளிக்கிறது. கையிருப்பு தீர்ந்ததும் ஊனம் நிரந்தரமாகிறது. நோய் தணிந்தது போலத் தோன்றும் மாதங்களிலும் உள்ளே இழப்பு தொடரக்கூடும் என்பதைப் புரிந்துகொண்டால்தான், நன்றாக நடமாடும் இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு ஏன் கடுமையான மருந்து தருகிறார்கள் என்பது விளங்கும்.

நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கு இப்படி வந்து தணியும் வகையாகத் தொடங்குகிறது. மற்றவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே தணிவில்லாமல் மெல்ல மெல்ல முற்றுகிறது.

அறிகுறிகள் ஆளுக்கு ஆள் மாறும். எந்த இடத்தில் திட்டு விழுகிறதோ அந்த இடத்தின் வேலை கெடும். ஒரு கண்ணில் வலியோடு மங்கல், குறிப்பாகச் சிவப்பு நிறம் வெளுத்துத் தெரிதல். இடுப்புக்குக் கீழ் மரத்துப்போதல். கழுத்தைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு. தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு. இந்தக் கடைசி அறிகுறி கண்ணுக்குத் தெரியாதது. ஆகவே சோம்பல் என்று பெயர் வாங்கித் தருவது.

சதுரங்கக் கட்டம் முதல் காந்தக் கருவி வரை

செல்லோ வாத்தியக் கலைஞர் ஜாக்குலின் டு ப்ரே 1965-இல் இலண்டனில், தம் இருபதாம் வயதில், எல்கரின் இசைக்கோவையைப் பதிவு செய்தார். அந்த இசைத்தட்டு இன்றும் விற்கிறது. 1971 வாக்கில் அவர் விரல்கள் உணர்விழக்கத் தொடங்கின. மனச்சோர்வு, நரம்புத்தளர்ச்சி என்றெல்லாம் சொல்லப்பட்டது. 1973 பிப்ரவரியில் நம் ஜூபின் மேத்தாவின் தலைமையில் அதே எல்கரை வாசித்ததே இலண்டனில் அவருடைய கடைசிக் கச்சேரிகள். வில் எங்கே தந்தியைத் தொடுகிறது என்பதைக் கையால் உணரமுடியாமல் கண்ணால் பார்த்து வாசித்தார் என்பார்கள். அவ்வாண்டு அக்டோபரில் நோய் எம்.எஸ். என்று உறுதியாயிற்று. அப்போது வயது 28. பதினான்கு ஆண்டுகள் கழித்து 1987-இல் இலண்டனில் மறைந்தார்.

அவருக்கு ஏன் அவ்வளவு தாமதமாகக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்பது எளிது. அன்று நோயைக் காட்டும் கருவி கிடையாது. மருத்துவரின் சுத்தியலும் அனுபவமும்தான். இலண்டனின் குயீன் ஸ்கொயர் தேசிய நரம்பியல் மருத்துவமனையில் ஹாலிடே, இயன் மெக்டொனால்டு குழுவினர் 1972-இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டிருந்தார்கள். நோயாளியின் கண்முன் கறுப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டங்களை மாற்றி மாற்றிக் காட்டி, பின்மண்டையில் மின்வாய் வைத்து, காட்சி மூளையை அடைய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார்கள். உறை கரைந்த கண் நரம்பில் துடிப்பு தாமதமாக வந்தது. பார்வை முழுதாகத் திரும்பிய பின்னும் அந்தத் தாமதம் மறையவில்லை. டெஸ்டேயின் கண் 'சரியானபோது' உண்மையில் என்ன நடந்தது என்பதற்கு இது விடை.

1981-இல் மேற்கு இலண்டனின் ஹேமர்ஸ்மித் மருத்துவமனைக் குழு எம்.எஸ். நோயாளிகளின் மூளையைக் காந்த அதிர்வுப் படம் எடுத்தது. சி.டி. ஸ்கேன் காட்டியதைவிடப் பல மடங்கு திட்டுகள் தெரிந்தன. இன்று எம்.ஆர்.ஐ. இல்லாமல் இந்த நோயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2001-இல் வகுக்கப்பட்டுப் பலமுறை திருத்தப்பட்ட நோயறியும் விதிகளுக்கு மெக்டொனால்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள். விதியின் சாரம் இது. திட்டுகள் மத்திய நரம்பு மண்டலத்தின் பல இடங்களில், வெவ்வேறு காலங்களில் விழுந்திருக்கவேண்டும். முதுகில் ஊசியிட்டு எடுக்கும் தண்டுவட நீரில் தெரியும் எதிர்ப்புரதப் பட்டைகளும் சான்றாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேறு நோய் இல்லை என்று உறுதி செய்யவேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனை நம்மவர்க்கு முக்கியம். மரக்கறி மட்டும் உண்போருக்கு வைட்டமின் பி12 குறைந்தாலும் கால் மரக்கும், நடை தள்ளாடும். காசநோய் மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும். நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா என்று எம்.எஸ். போலவே கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும் வேறொரு நோய், வெள்ளையரல்லாதாரிடம் ஒப்பளவில் அதிகம். 2004-இல் அதற்குரிய எதிர்ப்புரதம் கண்டறியப்பட்ட பிறகு இரத்தச் சோதனையிலேயே பெரும்பாலும் பிரித்துவிடலாம். பிரித்தே ஆகவேண்டும், ஏனெனில் எம்.எஸ். மருந்துகளில் சில அந்த நோயை மோசமாக்கும்.

யாருக்கு வருகிறது

பூமத்திய ரேகையை விட்டு விலக விலக எம்.எஸ். பெருகுகிறது. ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே வெப்பமான குயின்ஸ்லாந்தைவிடக் குளிரான தாஸ்மேனியாவில் பல மடங்கு அதிகம். இரண்டு இடத்திலும் பெரும்பாலும் பிரிட்டிஷ் வம்சாவளியினர்தான். அப்படியானால் இரத்தமா, மண்ணா?

இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுதும் துரத்தியவர் ஜெஃப்ரி டீன் என்ற மருத்துவர். தென்னாப்பிரிக்காவில் பணியாற்றியபோது, பிரிட்டனிலிருந்து குடியேறிய வெள்ளையருக்கு எம்.எஸ். அதிகம், அங்கேயே பிறந்த வெள்ளையருக்குக் குறைவு என்று கண்டார். சிறுவயதில், சுமார் பதினைந்து வயதுக்கு முன் குடியேறியவர்களுக்கும் குறைவு. பின்னர் அதே கேள்வியை எதிர்த்திசையில், இலண்டனில் கேட்டார். 1976-இல் வெளியான ஆய்வில், இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் பெருநகர் இலண்டனுக்கு வந்து குடியேறியவர்களிடம் எம்.எஸ். மிகக் குறைவாக இருந்தது. அவர்கள் ஊரின் பாதுகாப்பைக் கூடவே கொண்டுவந்திருந்தார்கள். 1990-இல் டீன், மார்ட்டா எலியன் ஆகியோர் குழு அவர்களின் பிள்ளைகளை, பிரிட்டனில் பிறந்தவர்களை, ஆராய்ந்தது. பிள்ளைகளிடம் நோய் பிரிட்டனின் பொதுமக்கள் விகிதத்துக்கு நெருங்கிவிட்டிருந்தது.

ஒரே தலைமுறை. மரபணு மாற அது போதாது.

பிந்தைய கணக்குகள் இந்தப் படத்தைச் சற்றுத் தணிக்கின்றன. கிழக்கு இலண்டனின் நான்கு வட்டாரங்களில் ஜி.பி. பதிவேடுகளைக் கொண்டு செய்து 2017-இல் வெளியான ஆய்வின்படி, ஒரு லட்சம் பேருக்கு வெள்ளையரில் 180, கறுப்பினத்தவரில் 74, தெற்காசியரில் 29. ஈஸ்ட்ஹாம் பக்கத்துத் தமிழர்களும் வாழும் பகுதி அது. 29 என்பது 180-க்கு முன்னால் சிறியதுதான். ஆனால் இந்தியாவில் பழைய மதிப்பீடுகள் லட்சத்துக்கு ஒன்று, இரண்டு என்றே சொல்லின. நல்ல கருவிகள் வந்தபின் செய்த கணக்குகள், மங்களூர்க் கணக்கு உட்பட, பத்துக்குக் கீழேயே நிற்கின்றன. அந்த 29-இல் ஊரில் பிறந்து வந்தவர்களும் இங்கே பிறந்தவர்களும் ஒன்றாகக் கலந்திருக்கிறார்கள் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

இரத்தத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அதே மும்பையில், அதே வெயிலில் தலைமுறை தலைமுறையாக வாழும் பார்சிகளிடம் லட்சத்துக்கு 20-க்கும் மேல் என்று வாடியாவும் பாட்டியாவும் 1990-இல் எழுதினார்கள். ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு சுமார் நான்கில் ஒன்று. மரபணுவே எல்லாம் என்றால் அது நான்கில் நான்காக இருக்கவேண்டும். மீதி மூன்று பங்கைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பனிமூட்டத்தில் வந்த குப்பிகள்

தேடிய பொருள்களில் ஒன்று இலண்டனிலேயே கிடந்தது. 1961 மார்ச்சில் மிடில்செக்ஸ் மருத்துவமனையில், உகண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் ஒரு சொற்பொழிவாற்றினார். ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையில் வளரும் ஒரு புற்றுக்கட்டியைப் பற்றியது அது. கேட்டுக்கொண்டிருந்த அந்தோனி எப்ஸ்டீனுக்கு ஏதோ ஒரு வைரஸ்தான் காரணம் என்று பட்டது. கட்டித் துணுக்குகளை விமானத்தில் தருவித்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் தேடினார், கிடைக்கவில்லை. 1963 டிசம்பரில் பனிமூட்டத்தால் விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டது. தாமதமாக வந்த குப்பியில் திரவம் கலங்கியிருந்தது. கெட்டுவிட்டதென்று கொட்டாமல் உற்றுப்பார்த்ததில், கட்டியிலிருந்து பிரிந்த செல்கள் உயிரோடு மிதந்தன. அவற்றை இவான் பார் வளர்த்தார். மின்னணு நுண்ணோக்கியில் 1964 பிப்ரவரியில் வைரஸ் தெரிந்தது. மூவர் பெயரில் அவ்வாண்டே கட்டுரை வந்தது. வைரஸுக்கு எப்ஸ்டீன்-பார் என்று பெயரிட்டார்கள். மூன்றாமவர், டிரினிடாடில் பிறந்த பெர்ட் அச்சோங், பெயரில் இடம்பெறவில்லை. எப்ஸ்டீன் 102 வயது வாழ்ந்து 2024-இல் காலமானார்.

தம் வைரஸ் எம்.எஸ். நோயோடு பிணைக்கப்பட்டதை அவர் பார்த்துவிட்டுத்தான் போனார். 2022 ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் ஹார்வர்டு குழு வெளியிட்ட ஆய்வு, அமெரிக்கப் படையினர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் சேமித்த இரத்தத்தை ஆதாரமாகக் கொண்டது. எம்.எஸ். வந்தவர்களில் போதிய மாதிரிகள் இருந்த 801 பேரில் 800 பேருக்கு நோய்க்கு முன்பே இந்த வைரஸ் தொற்றியிருந்தது. தொற்றாதிருந்து பின் தொற்றியவர்களுக்கு எம்.எஸ். அபாயம் 32 மடங்கு. அதே மாதம் 'நேச்சர்' இதழில் வந்த இன்னொரு ஆய்வு, வைரஸின் ஒரு புரதத்துக்கும் மூளையின் ஒரு புரதத்துக்கும் உருவ ஒற்றுமை இருப்பதைக் காட்டியது. திருடனைப் பிடிக்க வந்த படை, அவன் சாயலில் இருக்கும் வீட்டுக்காரனை அடிக்கிறது.

ஆனால் உலகில் வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு இந்த வைரஸ் உண்டு. யாழ்ப்பாணத்துப் பாட்டிக்கும் உண்டு. அவருக்கு ஏன் வரவில்லை? கூட்டுக்குடும்பத்தில், ஒரே தட்டில் ஊட்டி வளரும் குழந்தைக்கு இரண்டு மூன்று வயதுக்குள் இது தொற்றி, சளிகூடப் பிடிக்காமல் அடங்கிவிடுகிறது. தனிவீட்டில் ஒன்றிரண்டு பிள்ளைகளாய் வளர்வோருக்குப் பதின்பருவத்தில் தொற்றுகிறது. கழுத்துக் கட்டிகளோடு வாரக்கணக்கில் படுக்கவைக்கும் 'கிளாண்டுலர் ஃபீவர்' அதுதான். அப்படிக் காய்ச்சலாக வந்தவர்களுக்கு எம்.எஸ். அபாயம் ஏறத்தாழ இருமடங்கு. டீன் இலண்டனில் கண்ட தலைமுறை வித்தியாசத்துக்கு இது ஒரு விளக்கமாகலாம். இதை நிறுவப்பட்ட உண்மையாகச் சொல்லவில்லை, ஆனால் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இன்னொரு விளக்கம் வெயில். இலண்டன் 51 பாகை வடக்கு. அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை இங்குள்ள சூரியன் தோலில் வைட்டமின் டி உண்டாக்கப் போதாது. கறுத்த தோலுக்குக் கோடையிலும் கூடுதல் நேரம் வேண்டும். குளிர்காலத்தில் அனைவரும், கறுத்த தோலினர் ஆண்டு முழுதும், தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ள யோசிக்கலாம் என்பது பிரிட்டிஷ் அரசின் அறிவுரை. எலும்புக்காகச் சொன்னது அது. வைட்டமின் டி குறைவாக இருப்போருக்கு எம்.எஸ். அதிகம் என்பது உறுதி. நோய் வந்தபின் அதை அள்ளிக் கொடுத்தால் அடங்குமா என்பதில் சோதனைகள் ஒரே குரலில் பேசவில்லை. புகைப்பதும் சிறுவயதுப் பருமனும் அபாயத்தைக் கூட்டுகின்றன.

மருந்துகள்

1993 வரை நோயின் போக்கை மாற்றும் மருந்து எதுவும் கிடையாது. தாக்குதல் வந்தால் சில நாட்களுக்கு ஸ்டீராய்டு. அது தணிவை விரைவுபடுத்தும், அவ்வளவே. இன்றும் அதற்கு அந்த இடம்தான். 1993-இல் அமெரிக்காவில் பீட்டா இண்டர்ஃபெரான் ஊசி வந்தது. தாக்குதல்களை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. பிரிட்டனில் 2002-இல், விலைக்கேற்ற பலன் இல்லை என்று நைஸ் என்னும் மதிப்பீட்டு அமைப்பு இந்த மருந்துகளைப் பரிந்துரைக்க மறுத்தது. நோயாளிகள் கொதித்தெழ, பலன் குறைந்தால் விலையைக் குறைப்பது என்ற ஒப்பந்தத்தின் பேரில் அவ்வாண்டே அரசு வழங்கத் தொடங்கியது.

பிறகு வந்தவை வலிமையானவை, ஆகவே ஆபத்தும் உடையவை. வெள்ளணு மூளைக்குள் நுழைவதைத் தடுக்கும் நாட்டாலிசுமாப் 2004-இல் வந்தது. சிலருக்கு உறங்கிக்கிடந்த ஜே.சி. வைரஸ் விழித்து மூளையைத் தாக்கியதால் 2005-இல் திரும்பப் பெறப்பட்டது. கண்காணிப்போடு 2006-இல் மீண்டும் வந்தது. 2010-இல் முதல் மாத்திரை, ஃபிங்கோலிமோட். ஒரு பூஞ்சையில் கிடைத்த பொருளிலிருந்து உருவானது. 2017-இல் அமெரிக்காவும் மறு ஆண்டு ஐரோப்பாவும் ஒப்புதல் அளித்த ஓக்ரெலிசுமாப், பி-செல்களைத் துடைத்தெடுக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை. தொடக்கத்திலிருந்தே முற்றும் வகைக்குப் பலன் காட்டிய முதல் மருந்தும் அதுதான். எப்ஸ்டீன்-பார் வைரஸ் ஒளிந்து வாழும் இடம் இந்தப் பி-செல்களே என்பது கவனிக்கத்தக்கது. இந்தியாவில் அதே வழியில் வேலைசெய்யும் பழைய மருந்தான ரிட்டுக்ஸிமாப், உள்நாட்டுத் தயாரிப்பாக மலிவாகக் கிடைப்பதால், பல மருத்துவர்கள் அதைத் தருகிறார்கள். சுவீடனிலும் அப்படியே.

முன்பு மென்மையான மருந்தில் தொடங்கி, தோற்றால் அடுத்தது என்று படிப்படியாக ஏறினார்கள். இப்போது பல நரம்பியல் மருத்துவர்கள் முதலிலேயே வலுவானதைத் தரச் சாய்கிறார்கள். அறுந்த இழை திரும்பாது என்பதே காரணம். மிகத் தீவிரமாகத் தாக்கும் சிலருக்கு, எதிர்ப்பு அமைப்பையே அழித்து அவர்களுடைய ஸ்டெம் செல்களைக் கொண்டு மீண்டும் கட்டும் சிகிச்சையும் இலண்டனில் நடக்கிறது.

நோய் முற்றிய கட்டத்தில்தான் கைவசம் குறைவு. கொலஸ்டிராலுக்குத் தரும் சிம்வாஸ்டாட்டின் மாத்திரை மூளை சுருங்குவதைக் குறைத்ததாக 2014-இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் சிறிய சோதனை காட்டியது. மலிவான மாத்திரை என்பதால் பெரிய நம்பிக்கை. பெரிய சோதனையின் முடிவு 2024-இல் வந்தது. பலன் இல்லை. சர்க்கரை நோய் மாத்திரை மெட்ஃபார்மின் உட்படச் சிலவற்றை ஒரே நேரத்தில் சோதிக்கும் 'ஆக்டோபஸ்' ஆய்வு 2023-இல் தொடங்கியிருக்கிறது.

நம் வீடுகளில்

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், இங்கே பிறந்த மகளுக்கு ஒரு கண் மங்கி மூன்று வாரத்தில் தெளிந்தது. கணினியை அதிகம் பார்த்ததால் என்று விட்டுவிட்டார்கள். அடுத்த ஆண்டு கால் மரத்தபோதும் ஜி.பி.யிடம் பழைய கண் கதையை யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இரண்டும் ஒரே நோயின் இரண்டு தாக்குதல்கள் என்று தெரிய மேலும் ஓராண்டாயிற்று. தெரிந்தபின் தாய் முதலில் கேட்டது, 'இதை வெளியே சொல்லலாமா' என்று. கல்யாணம் நடக்காது என்ற பயம். அந்தப் பயத்தை நான் இளக்காரமாகப் பார்க்கமாட்டேன், அது காரணமில்லாமல் வந்ததல்ல. ஆனால் மறைத்து வைப்பதற்காக மருந்தைத் தள்ளிப்போடுவதுதான் தாங்கமுடியாதது.

எம்.எஸ். தொற்றுநோயல்ல. தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டளவு. பிள்ளை பெறுவதற்கு நோய் தடையில்லை. கருவுற்ற கடைசி மூன்று மாதங்களில் தாக்குதல்கள் குறைகின்றன, பிரசவத்துக்குப் பின் மூன்று மாதங்களில் கூடுகின்றன என்று 1998-இல் வந்த ஐரோப்பிய ஆய்வு காட்டியது. சில மருந்துகளைக் கருவுறுமுன் நிறுத்தவோ மாற்றவோ வேண்டும் என்பதால் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசவேண்டும். ஊரில் வளர்ந்தவர்கள் இந்த மருந்துகளைத் தொடங்குமுன் ஹெப்படைட்டிஸ் பி, சில மருந்துகளுக்குக் காசநோய், சோதனை செய்துகொள்வது வழக்கம். உள்ளே உறங்குபவை எதிர்ப்பு குறைந்ததும் விழிக்கும். ஊருக்குப் போகுமுன் எந்தத் தடுப்பூசி போடலாம், எது கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளவேண்டும். இந்தியாவில் 1985 முதல் எம்.எஸ். சொசைட்டி ஆஃப் இந்தியா இயங்குகிறது, சென்னையிலும் அதன் கிளை உண்டு. ஊரில் நோயோடு இருக்கும் உறவினருக்கு அந்த விலாசம் பயன்படும்.

கோயில் திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ மே மாதத்தில் ஊருக்குப் போகும் நோயாளிகள், இறங்கிய இரண்டாம் நாளே கால் துவண்டு, கண் மங்கிப் பயந்துபோவது உண்டு. உறை கரைந்த இழையில் உடல் சூடு அரைப் பாகை ஏறினாலே துடிப்பு தடுமாறும். 1890-இல் உட்ஹாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் குறித்துவைத்த நிகழ்வு இது. முன்பெல்லாம் வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்து நோயைச் சோதித்ததே இதை நம்பித்தான். இது புதிய தாக்குதல் அல்ல, ஸ்டீராய்டும் தேவையில்லை. நிழல், மின்விசிறி, ஈரத்துண்டு, குளிர்ந்த மோர். சில மணி நேரத்தில் கால் திரும்பிவிடும். உடல் குளிர்ந்தபின்னும் ஒரு நாளைக்கு மேல் நீடித்தால், காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இலண்டனில் தமக்குரிய எம்.எஸ். தாதியைத் தொலைபேசியில் அழைப்பது நல்லது.